சந்தேகப்பட்டால் தேவன் கைவிட்டுவிடுவாரா?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். அப்பாவின் சுகத்துக்காக நீண்ட காலம் ஜெபித்திருக்கிறீர்கள், உபவாசம் இருந்திருக்கிறீர்கள், அவர் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் ஆராதனையில் வாய் பாடுகிறது, உள்ளே ஒன்றும் அசைவதில்லை. சபையில் ஒருவர் யாக்கோபு நிருபத்தைத் திறந்து, சந்தேகப்படுகிறவன் கர்த்தரிடத்தில் எதையும் பெறமாட்டான் என்று வாசித்துக் காட்டியிருக்கிறார். "தேவனுடைய அன்பு மாறாதது என்று எப்படி நம்புவது" என்று தலைப்பு போட்டிருக்கிறீர்கள், ஆனால் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் கேள்வி அதுவாகத் தெரியவில்லை. கடவுள் இருக்கிறாரா என்ற சந்தேகமும் உங்களுக்கு இல்லை. ஜெபிக்கும்போதே என் மனசு தடுமாறியது, அதனால்தான் அப்பா போனாரா, அந்தத் தடுமாற்றத்தாலேயே அவருடைய அன்பை நான் இழந்துவிட்டேனா என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. கடைசி வரியில், இந்த நிலையில் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பது நடிப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

நான் பழைய ஏற்பாட்டை முறையாகப் படித்தவன்; பல வருடங்கள் போதகராக இருந்து, துக்க வீடுகளிலும் நோயாளிகளின் கட்டில் பக்கத்திலும் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். விசுவாசத்துக்குள் நின்றுதான் பதில் சொல்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தேவனுடைய அன்பை ஆய்வுக்கூடத்தில் வைத்து நிரூபிப்பதுபோல யாருக்கும் நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் நீங்கள் நம்புகிற வேதம் உங்கள் கேள்விக்கு என்ன சொல்கிறது என்று சொல்ல முடியும், அது உங்களுக்குச் சொல்லப்பட்டதிலிருந்து ரொம்பவே வேறானது.

முதலில் அப்பா விஷயம். உங்கள் விசுவாசம் குறைந்ததால் அவர் இறந்தார் என்று யாராவது சொன்னாலோ, நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டாலோ, வேதத்தில் அதற்கு இடம் இல்லை. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். சின்ன வயதிலிருந்தே மகனை அசுத்த ஆவி நெருப்பிலும் தண்ணீரிலும் தள்ளிக்கொண்டிருக்கிறது. சீஷர்களிடம் கொண்டுபோய்ப் பார்த்தார், அவர்களால் முடியவில்லை. இயேசுவிடம் அவர் பேசுகிற பேச்சே "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்றுதான் போகிறது. அதாவது முடியுமா முடியாதா என்பதே அவருக்கு உறுதியில்லை. அப்புறம் கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறார். ஒரே மூச்சில் விசுவாசமும் அவிசுவாசமும். இயேசு அந்த மனிதரைப் போய் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். இதற்கு நேர் எதிரே அப்போஸ்தலன் பவுலை வைத்துப் பாருங்கள். மாம்சத்தில் ஒரு முள் என்று எழுதுகிறார் (அது என்ன வியாதி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், அவர் சொல்லவில்லை என்பதுதான் நிஜம்), அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லமாட்டார். பாதி விசுவாசத்தோடு வந்தவருக்குக் கிடைத்தது, முழு விசுவாசத்தோடு கேட்டவருக்குக் கிடைக்கவில்லை. இவ்வளவு விசுவாசம் போட்டால் இவ்வளவு சுகம் என்கிற கணக்கை இந்த இரண்டு சம்பவமும் சேர்ந்து உடைத்துவிடுகின்றன.

அப்படியானால் அப்பாவுக்கு ஏன் சுகம் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, வேறு யாரிடமும் இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. தேவன் ஒரு நோக்கத்தோடுதான் எடுத்துக்கொண்டார், உன்னை உருவாக்கத்தான் இதைச் செய்தார் என்றெல்லாம் அடித்துச் சொல்கிறவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் அப்படித்தான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதிகாரம் அதிகாரமாக. முடிவில் தேவன் கோபப்பட்டது கேள்வி கேட்ட யோபுவின்மேல் இல்லை, அந்த விளக்கக்காரர்கள்மேல். இத்தனைக்கும் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்த புதிதில் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்ததுதான்.

இப்போது யாக்கோபு. அந்த வசனத்தைத் தனியாகப் பிடுங்கி வாசித்தால் பயமாகத்தான் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். அங்கே பேச்சு ஞானத்தைக் கேட்பதைப் பற்றியது. ஞானம் குறைவாயிருக்கிறவன் கேட்கட்டும் என்கிறார், யாரிடம் கேட்பது என்று சொல்லும்போது "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவன்" என்கிறார். அப்புறம்தான் சந்தேகப்படுகிறவன் காற்றில் அலைகிற கடல் அலைக்கு ஒப்பானவன் என்று வருகிறது, அதற்கப்புறம் இருமனமுள்ளவன் வருகிறான். யாக்கோபு கண்டிப்பது ஒரு கால் தேவனிடமும் மறு கால் உலகத்திலுமாக வைத்துக்கொண்டு, கிடைத்தால் பார்ப்போம் என்று கேட்கிற ஆளை என்றே நான் புரிந்துகொள்கிறேன். பின்னால் 4ஆம் அதிகாரத்தில் அதே "இருமன" ஆட்களிடம் அவர் பேசுகிற தோரணையும் அதற்கு ஒத்துவருகிறது. இது என் வாசிப்பு, வேறு மாதிரி விளக்குகிறவர்களும் உண்டு. ஆனால் துக்கத்தில் உடைந்துபோய், தேவனே எங்கே இருக்கிறீர் என்று அழுகிறவர்களை அடிக்க எழுதப்பட்ட வசனம் அது இல்லை என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஏனென்றால் அப்படி அழுகிறதை எல்லாம் வெட்டிப் போட்டால் சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

சங்கீதம் 77ஐ இன்றைக்கு ஒருதரம் நிதானமாக வாசியுங்கள். ஆசாப்பின் பெயரில் உள்ள சங்கீதம். ராத்திரி நேரம், தூக்கம் வரவில்லை, அதையும் தேவன்மேலேயே போடுகிறான்: நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர் என்று. தேவனை நினைத்தால் ஆறுதல் வரும் என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? இவன் தேவனை நினைத்தபோது அலறினேன் என்கிறான். அப்புறம் வரிசையாக ஆறு கேள்விகள். நித்தியகாலமாய்த் தள்ளிவிடுவாரோ, இனி ஒருபோதும் தயை செய்யாதிருப்பாரோ, அவருடைய கிருபை முற்றிலும் அற்றுப்போயிற்றோ, வாக்குத்தத்தம் ஒழிந்துபோயிற்றோ, இரக்கஞ்செய்ய மறந்தாரோ, கோபத்தில் தம் உருக்கத்தை அடைத்துக்கொண்டாரோ. நீங்கள் எழுதியிருக்கிற கேள்வி இதில் மூன்றாவது, கிட்டத்தட்ட அதேதான். இது ஏதோ ஒருவன் ரகசியமாக எழுதிக் கிழித்துப்போட வேண்டிய டைரி இல்லை. இராகத்தலைவனுக்கு என்று தலைப்புப் போட்டு, சபையாகச் சேர்ந்து பாடக் கொடுக்கப்பட்டது. தேவனுடைய கிருபை தீர்ந்துவிட்டதா என்ற கேள்வியையே பாட்டாக்கி ஆலயத்தில் பாட வைத்த ஜனங்களின் புத்தகம்தான் நம் கையில் இருக்கிறது.

அந்த ஆறு கேள்விக்கும் அந்தச் சங்கீதத்தில் நேரடியான பதில் கிடையாது. பிரச்சினை தீர்ந்தது, நிம்மதி வந்தது என்றெல்லாம் முடிவதில்லை. பதினோராம் வசனம் பக்கம் ஒரு திருப்பம் மட்டும் வருகிறது: கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன் என்கிறான். எதை நினைக்கிறான் என்று பாருங்கள். தன் வாழ்க்கையில் நடந்த எதையும் இல்லை. அவன் பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்னால் செங்கடல் பிளந்ததை நினைக்கிறான். தன் சொந்த அனுபவக் கையிருப்பு காலியாகிவிட்டது, அதனால் முன்னோர்களின் ஞாபகத்தைக் கடன் வாங்குகிறான். அதிலும் கடைசியில் ஒரு வரி, உமது வழி கடலிலே இருந்தது, உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று என்று. தேவன் நடத்தினார் என்று சொல்கிற அதே இடத்தில், ஆனால் அடிச்சுவடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறான். நிறைய சாட்சிக் கூட்டங்களில் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறோம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற விஷயம் ஒன்றுதான், உங்களுக்குச் சொல்ல வருவதும் அதுதான். மாறாத அன்பு என்று வேதம் சொல்லும்போது அது தேவன் செய்த உடன்படிக்கையைப் பற்றிய பேச்சு, அவர் பக்கத்து உறுதி. அது உங்கள் மனசின் உறுதியால் தாங்கப்படுவதாக இருந்தால், உங்கள் மனசு ஆடும்போதெல்லாம் அதுவும் ஆட வேண்டும், அப்புறம் மாறாதது என்று சொல்வதில் என்ன அர்த்தம்? கைக்குழந்தை தாயைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிடியை நம்பியா தாய் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்? ஆகவே நீங்கள் நம்பிக்கையை உங்களுக்குள்ளிருந்து பிழிந்து எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆசாப் செய்ததெல்லாம் தன் ஆறு கேள்விகளோடும் தேவனிடமே திரும்பினதுதான். தேவனைப் பற்றிப் புலம்புவதற்கும் தேவனிடம் புலம்புவதற்கும் இடையில் உள்ள தூரம் சின்னதுதான், ஆனால் உறவு அறுந்துவிட்டதா இல்லையா என்பது அங்கேதான் தெரிகிறது. நீங்கள் இன்னும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

புலம்பல் புத்தகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வசனத்தை உங்களுக்கு யாரோ வாழ்த்து அட்டையில் அனுப்பியிருக்கிறார்கள், அது எரிச்சலாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எரிச்சல் நியாயமானதுதான். அந்த வசனம் வருகிற இடத்தைச் சொல்லாமல் அனுப்பினால் அப்படித்தான் இருக்கும். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டு, பட்டினி போட்டு, ஆலயத்தையும் எரித்தபிறகு பாடின ஒப்பாரி அது. எரேமியா எழுதினார் என்பது பழைய மரபு. புத்தகத்துக்குள் பெயர் இல்லை, அதனால் ஆராய்ச்சியாளர்கள் அதில் உறுதியாக இல்லை. எழுதினவர் யாராக இருந்தாலும், 3ஆம் அதிகாரத்தில் அவர் தேவனைப் பதுங்கியிருக்கிற கரடி என்கிறார், மறைவிடத்தில் இருக்கிற சிங்கம் என்கிறார், என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்கிறார். கர்த்தருக்குக் காத்திருந்த என் நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்று 18ஆம் வசனத்தில் சொல்லிவிட்டுத்தான், நாலு வசனம் தள்ளி, நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே என்று வருகிறது. அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. மறுபடி அழுகை, 4ஆம் அதிகாரம் முழுக்கப் பட்டினிக் காட்சிகள், புத்தகத்தின் கடைசி வரி, எங்களை ஒரேயடியாக வெறுத்துவிட்டீரோ என்கிற மாதிரி தொங்கலில் நிற்கிறது. யூதர்கள் ஆலயம் அழிந்த நாளை நினைத்து உபவாசம் இருக்கும்போது இந்தப் புத்தகத்தை வாசிப்பார்கள். கடைசி வரி அவ்வளவு கடினமாக இருப்பதால், அதற்கு முந்தின வசனத்தை இன்னொருதரம் வாசித்து முடிப்பது வழக்கம். கடைசி வரியை அழித்துவிடவில்லை பாருங்கள், வாசித்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறார்கள். "காலைதோறும் புதியவைகள்" என்பது சாம்பலில் உட்கார்ந்திருந்தவர் சொன்ன வார்த்தை. அதை நீங்கள் இன்றைக்கே உணர்ந்தாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

உணர்வு என்று வரும்போது இன்னொன்று. அன்பை உணராமல் இருப்பதும் அன்பு இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல என்று சொன்னால் வெறும் வாய்ச்சொல் மாதிரி இருக்கும். அன்னை தெரசா 1997இல் இறந்தார். பத்து வருடம் கழித்து, 2007இல், அவர் தன் ஆன்மீக வழிகாட்டிகளுக்கு எழுதின கடிதங்கள் வெளியானபோது நிறையப் பேர் அதிர்ந்துபோனார்கள். ஏழைகளுக்கான பணியைத் தொடங்கின காலத்திலிருந்து பல பத்தாண்டுகள், நடுவில் ஒரு சின்ன இடைவெளி தவிர, தேவனுடைய பிரசன்னத்தை உணராமலேயே இருந்தேன் என்று எழுதியிருக்கிறார். அதை விசுவாச இழப்பு என்று வாசித்தவர்கள் உண்டு, ஆன்மீக இருள் என்று வாசித்தவர்களும் உண்டு, அவருடைய உள்ளத்தைத் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. எனக்குத் தெரிவது, அந்த உணர்வு இல்லாமலேயே அவர் ஜெபித்தார், நற்கருணை வாங்கினார், நோயாளிகளைக் கழுவித் துடைத்தார் என்பது மட்டும்தான். உணர்வு திரும்பி வரும் என்று உங்களுக்கும் தேதி குறித்து வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. பெரும்பாலோருக்கு மெதுவாக வருவதைப் பார்த்திருக்கிறேன், சிலருக்குப் பழைய மாதிரி வருவதில்லை, அமைதியான வேறு மாதிரி ஒன்று வருகிறது.

அப்புறம், நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிற ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஈடுபாடு இல்லை என்கிறீர்கள். இது எல்லாமே ஆவிக்குரிய பிரச்சினையாக இருக்க வேண்டியதில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தேவதூதன் வந்து வேதபாடம் நடத்தவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டார், மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. பேச்சுவார்த்தை எல்லாம் அப்புறம்தான், நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில். துக்கம் உடம்பையும் மூளையையும் பிடித்து ஆட்டும். வாரக்கணக்கில் இப்படியே நீடித்தால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள். அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் எலியாவின் அடையை ஞாபகப்படுத்துங்கள். வாழவே வேண்டாம் என்கிற எண்ணம் ஒருவேளை எட்டிப் பார்த்தால் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். என்னைப் போன்ற போதகர்கள் அந்த இடத்தில் கூட வர முடியும், சிகிச்சைக்கு மாற்றாக முடியாது.

எல்லாச் சந்தேகமும் ஒரே வகை என்றும் நான் சொல்லமாட்டேன். துக்கத்திலிருந்து வருகிற சந்தேகத்துக்கு வாதம் உதவாது, நேரமும் கூட இருக்கிற ஆட்களும்தான் உதவும். புத்தியிலிருந்து வருகிற சந்தேகம், உதாரணமாக வேதம் நம்பத்தக்கதா என்பது மாதிரியானது, அதற்கு உட்கார்ந்து படிக்க வேண்டும், அழுது பிரயோஜனமில்லை. தவறு என்று தெரிந்த ஒன்றை விட மனசில்லாமல், அதற்கு வசதியாகத் தேவனே இல்லை என்று முடிவுக்கு வருகிற சந்தேகமும் உண்டு, அது தனிக் கதை. உங்களுடையது முதல் வகை என்றுதான் எழுத்திலிருந்து படுகிறது. ஒரு பதிவை மட்டும் வைத்து ஒருவரின் உள்ளத்தை அளக்க முடியாது என்பதும் தெரியும், அதனால் உங்களை முகம் பார்த்துப் பேசக்கூடிய, பதில் சொல்ல அவசரப்படாத ஒரு மூத்த விசுவாசியைத் தேடிக்கொள்ளுங்கள். யாக்கோபைத் திறந்து காட்டினவர் அந்த ஆளாக இருக்க வேண்டாம்.

ஜெபம் வரவில்லை என்றால் சொந்தமாகச் செய்ய முயலாதீர்கள். சங்கீதம் 13ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்குகிற முதல் இரண்டு வசனம்தான் வாயில் வருகிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். ஐந்தாம் வசனத்தில் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்று வரும், அதைச் சொல்ல மனசு வருகிற அன்றைக்குச் சொல்லலாம். அதுவும் கனமாக இருக்கிறது என்றால் 88ஆம் சங்கீதம் இருக்கிறது, அது கடைசி வரை விடியாமல் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக, ஞாயிறு பள்ளி. மத்தேயு 28இல் உயிர்த்தெழுந்த இயேசுவை மலைமேல் பார்த்தபோது சீஷர்கள் பதினொருவரும் பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. அடுத்த வசனங்களில் புறப்பட்டுப்போய் உபதேசம்பண்ணுங்கள் என்று அவர் சொன்னது அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான், சந்தேகப்பட்டவர்களைத் தனியாக நிறுத்திவைத்துவிட்டு இல்லை. ஆகவே பாடம் எடுப்பது நடிப்பு ஆகாது. உங்களுக்கு நடக்காத ஒன்றை நடந்ததாகச் சாட்சி சொன்னால்தான் அது நடிப்பு. அதை மட்டும் செய்யாதீர்கள், யாராவது மேடைக்குக் கூப்பிட்டால் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கதையைக் கதையாகச் சொல்லுங்கள். ஜெபம் பண்ணியும் ஏன் தாத்தா செத்துப்போனார் என்று ஒரு பிள்ளை கேட்டால், எனக்கும் தெரியாது, நானும் அதைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம், அந்தப் பிள்ளைக்கு அது போதும். களைப்பாக இருந்தால் பொறுப்பாளரிடம் உள்ளதைச் சொல்லிக் கொஞ்ச நாள் ஓய்வும் எடுத்துக்கொள்ளலாம், அதில் குற்ற உணர்வு தேவையில்லை. ஆராதனைக்கு மட்டும் முடிந்தவரை போய்க்கொண்டிருங்கள். சங்கீதம் 136இல் இருபத்தாறு வசனத்திலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வரும். ஒருவர் முன்வரியைச் சொல்ல மற்றவர்கள் இந்த வரியைப் பதிலாகச் சொல்லுகிற விதத்தில் அமைந்தது என்றுதான் பெரும்பாலோர் கருதுகிறார்கள். உங்களுக்கு வாய் வராத வாரத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லட்டும், நீங்கள் சும்மா நின்றால் போதும்.